மச்சம் வெட்டி வைத்த சுந்தரர்

படிவமும் பேனாவுமாக வீடுவீடாக ஏறி இறங்கும் கணக்கெடுப்பாளர்களுக்கு ஒரு குலதெய்வம் வேண்டுமென்றால், அது சுந்தரமூர்த்தி நாயனாராகத்தான் இருக்க முடியும் என்பது என் கட்சி. சைவப் பெரியவர்கள் கம்பைத் தேடுவதற்குள் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

கதை நடந்த இடம் விருத்தாசலம். இன்றைக்குக் கேட்டால் பீங்கான் ஊர் என்பார்கள், ரயில் ஜங்ஷன் என்பார்கள், முந்திரிக் காட்டுக்கு வாசல் என்பார்கள். தேவாரக் காலத்தில் திருமுதுகுன்றம். சுந்தரர் வந்தார், பாடினார், பழமலைநாதர் மனம் குளிர்ந்து 12,000 பொன் கொடுத்தார். வேறு யாராவது இருந்தால் மூட்டை கட்டிக்கொண்டு இருட்டுவதற்குள் கிளம்பியிருப்பார்கள். இவர் தம்பிரான் தோழர். சிநேகிதன் ஒரு வேலை செய்து கொடுத்தால் கூடவே இன்னொரு வேலையும் சொல்லும் வகை. “இதையெல்லாம் நான் சுமக்க மாட்டேன். ஆரூர்க்காரர்கள் வாயைப் பிளக்கும்படி அங்கேயே வரவழைத்துக் கொடும்” என்று கேட்டார். சாமியும் சளைக்காமல், “மணிமுத்தாற்றில் போடு, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்” என்று சொல்லிவிட்டார்.

ஊர்க்காரர்களுக்குத் தெரியும், மணிமுத்தாறு போய்ச் சேர்வது வெள்ளாற்றில். வெள்ளாறு போய்ச் சேர்வது பரங்கிப்பேட்டைப் பக்கத்துக் கடலில். திருவாரூரோ சாலை வழியே நூறு கிலோமீட்டருக்கும் மேல். இந்த ஆற்றுக்கும் அந்தக் குளத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அதெல்லாம் சாமி பாடு என்று சுந்தரர் பொன்னை ஆற்றில் விட்டார்.

விடுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தார் பாருங்கள், அங்கேதான் அவர் என் குலதெய்வமாகிறார். அந்தப் பொன்னில் ஒரு துண்டை வெட்டி மடியில் வைத்துக்கொண்டார். அதற்கு மச்சம் என்று பெயர். பின்னால் வந்து சேரும் பொன் இதே மாற்றுதானா, அதாவது இதே தரம்தானா என்று உரைத்துப் பார்ப்பதற்கான மாதிரி. கொடுத்தவர் கடவுள். அனுப்பி வைப்பவரும் கடவுள். இருந்தாலும் மாதிரி கையில் இருக்கட்டும் என்று நினைத்த மனுஷர் அவர். பக்தி வேறு, கணக்கு வேறு.

திருவாரூர் போனார். மனைவி பரவையாரைக் கூட்டிக்கொண்டு கமலாலயக் குளத்தில் இறங்கித் துழாவினார். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடுகிறீரே என்று பரவையார் சிரித்தார். அந்தக் கேலி பழமொழியாகி இன்றைக்கும் நம் வாயில் இருக்கிறது. இவர் பாடினார், பொன் வந்தது. மடியிலிருந்த மச்சத்தோடு வைத்து உரைத்துப் பார்த்தார்கள். மாற்றுக் குறைந்திருந்தது! மறுபடி பாடினார். அப்புறம்தான் சரியான மாற்றுக்கு வந்தது. உரைத்துச் சொன்னவர் பிள்ளையார் என்பது தலத்துக் கதை. மாற்றுரைத்த விநாயகர் என்று குளக்கரையில் இப்போதும் உட்கார்ந்திருக்கிறார். அப்பா கொடுத்த பொன்னை மகன் உரைத்துப் பார்த்து, மாற்று மட்டம் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு தணிக்கை அறிக்கை வந்தால், வந்த வேகத்திலேயே அலமாரிக்குள் போய்விடும்.

ஜனங்கள் தொழில்நுட்பத்தை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று அளக்க வினாத்தாள் செய்கிறவர்கள் படும் பாடும் இதுதான். கேள்வியை ஒரு மனிதருக்குள் போடுகிறோம். அது எந்தெந்த ஆறு வழியாகப் போகிறதோ தெரியாது. பதில் வேறொரு குளத்தில் மிதக்கிறது. போட்டதுதான் வந்ததா, அதே மாற்றில் வந்ததா? மச்சம் இல்லாதவன் இதற்குப் பதில் சொல்ல முடியாது. வந்ததைப் பொன் என்று நம்பி அட்டவணை போட வேண்டியதுதான்.

பீங்கான் ஊரில் உட்கார்ந்துகொண்டு அளவுகோல் பற்றிப் பேசும்போது ஜோசையா வெட்ஜ்வுட்டை விட்டுவிட்டால் சூளை கோபித்துக்கொள்ளும். இங்கிலாந்தின் பெரிய பீங்கான் முதலாளி, சார்லஸ் டார்வினுக்குத் தாய்வழிப் பாட்டன். சூளைக்குள் எவ்வளவு சூடு என்பதை அதுவரை எல்லோரும் கண்ணால்தான் பார்த்துச் சொன்னார்கள். செக்கச் சிவப்பு, ஆரஞ்சு, வெள்ளை. இவருக்குப் பொறுக்கவில்லை. களிமண் சூட்டில் சுருங்கும் அல்லவா? சின்னச் சின்னக் களிமண் துண்டுகளைச் சூளையில் போட்டெடுத்து, ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகும் பித்தளைச் சட்டத்தில் தள்ளினார். எவ்வளவு தூரம் உள்ளே போகிறதோ அவ்வளவு சூடு. 1782இல் லண்டன் ராயல் சொசைட்டியில் இதை வாசித்தார். அடுத்த வருஷமே அந்தச் சபைக்கு உறுப்பினரும் ஆனார்.

சாதாரண வெப்பமானி எட்டாத சூட்டைத் தன் களிமண் அளவோடு பொருத்த வேண்டியிருந்தது. நடுவில் வெள்ளி விரிவதை வைத்து ஒரு பாலம் போட்டார். தன்னுடைய ஒரு டிகிரி 130 பாரன்ஹீட்டுக்குச் சமம் என்று முடிவு செய்து, கோட்டை மேலே மேலே இழுத்துக்கொண்டே போனார். வார்ப்பிரும்பு உருகும் சூடு அவர் கணக்கில் 17,977 பாரன்ஹீட். நம் கணக்கில் கிட்டத்தட்ட பத்தாயிரம் டிகிரி செல்சியஸ். சூரியனின் மேல்பரப்பே சுமார் ஐயாயிரத்து ஐந்நூறுதான். உண்மையில் வார்ப்பிரும்பு 1,200க்குள் உருகிவிடும். ஆக, பட்டறைக் கொல்லன் ஒவ்வொரு நாளும் சூரியனைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சூட்டில் துருத்தி ஊதிக்கொண்டிருந்தான் என்று ராயல் சொசைட்டி உறுப்பினர் சொன்னார், சபையும் தலையாட்டியது.

வேடிக்கை அதுவல்ல. அவருடைய தொழிற்சாலைக்கு அந்த அளவு போதுமானதாக இருந்தது! அதே எண் வந்தால் அதே மாதிரி கோப்பை வெளியே வந்தது. இன்று போட்டாலும் நாளை போட்டாலும் ஒரே விடை. எண் மட்டும் மகா பொய். ஆய்வு செய்கிறவர்கள் நம்பகத்தன்மை, ஏற்புடைமை என்று இரண்டு வார்த்தைகளைப் பக்கம் பக்கமாக விளக்குவார்கள். வெட்ஜ்வுட் சூளைக்குள் இரண்டும் தனித்தனியாக வெந்து கிடக்கின்றன. தினமும் ஒரே பொய்யைச் சொல்கிறவன் நம்பகமானவன், ஆனால் உண்மையானவன் அல்ல. இதில் இன்னொரு சங்கடம் வேறு: கையிலிருந்த களிமண் தீர்ந்ததும், அதே மாதிரி சுருங்கும் மண் கிடைக்காமல் திண்டாடினார். அளவுகோல் செய்த மண் தீர்ந்துபோனால் அளவுகோலும் போயிற்று. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பேஸ்புக் வரும்போது தேவைப்படும்.

1886இல் ஜெர்மானியர் ஹெர்மான் சேகர் வேறு வழி கண்டார். பீங்கான் செய்யும் அதே வகைப் பொருள்களில் சின்னக் கூம்புகள் செய்து, பாண்டங்களுக்குப் பக்கத்திலேயே நிற்க வைத்தார். சூடும் நேரமும் சேர்ந்து போதுமான அளவு ஏறியதும் கூம்பு தலை சாய்க்கும். பாண்டம் படும் பாட்டைத் தானும் பட்டுச் சொல்லும் சாட்சி அது. இந்த ஊர்த் தொழிற்பேட்டையிலிருந்து வரும் ப்யூஸ் கட்டைக்கும் பொம்மைக்கும் அகல் விளக்குக்கும் பின்னால் இந்த வம்சாவளி இருக்கிறது.

இப்போது ஒரு காட்சியைக் கற்பனை செய்வோம். சூளைக்காரர் ஒருவரிடம் போய், “அண்ணே, நீங்க தொழில்நுட்பம் பயன்படுத்துவீங்களா?” என்று கேட்கிறோம். அவர் சங்கடமாகச் சிரிப்பார். “அதெல்லாம் நமக்கெங்கங்க. பையன் நல்லா பயன்படுத்துவான். நான் சூளை பாக்குறேன்.” மண்ணைக் கல்லாக்கும் ஆயிரத்து இருநூறு டிகிரியை மீட்டர் முள்ளைப் பார்த்துப் பிடித்து நிறுத்துகிற மனுஷர் படிவத்தில் பூஜ்யம். ரீல்ஸ் தள்ளிக்கொண்டு கட்டிலில் கிடக்கும் மகன் நூற்றுக்கு நூறு. கேள்வி எழுதியவருக்குத் தொழில்நுட்பம் என்றால் கண்ணாடித் திரை. அதற்கு வெளியே இருக்கிறதெல்லாம் வெறும் வேலை.

நம் ஜனங்களிடம் கேள்வி கேட்பது என்னும் கலையை இந்த அளவுக்குக் கெடுத்ததில் சர்க்காருக்குப் பெரிய பங்கு உண்டு. 1871இல் சென்னை ராஜதானியில் தலைக்கணக்கு எடுத்தார்கள். அறிக்கை எழுதியவர் சுகாதார கமிஷனர் டாக்டர் கார்னிஷ். தலையை எண்ணுகிறவன் வரி போடத்தான் எண்ணுகிறான் என்ற வதந்தி அந்தக் கால இந்தியா முழுக்க ஓடியது. வதந்தி என்று எழுதி வைத்தவர்கள் வெள்ளைக்காரர்கள். அனுபவம் என்று சொன்னவர்கள் ஜனங்கள். அன்றிலிருந்து ஒரு பாடம் நம் ரத்தத்தில் ஊறிவிட்டது: பதில் சொல்வதற்கு முன் கேட்பவன் யார் என்று பார்.

ரேடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். தபாலாபீஸில் லைசென்ஸ் எடுத்து, பணம் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே இருந்தால்தான் வீட்டில் ரேடியோ வைத்திருக்கலாம் என்ற சட்டம் 1980கள் வரை இருந்தது. அந்தக் காலத்தில் கையில் நோட்டோடு ஒருவர் வந்து, “வீட்டில் ரேடியோ உண்டா?” என்று கேட்டால் என்ன பதில் வரும்? விவித பாரதி பாடிக்கொண்டிருக்கும் பெட்டியின் மேல் போர்வை விழும். அதே வீட்டில் பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டால் ரேடியோ, தையல் மெஷின், பக்கத்து வீட்டுச் சைக்கிள் எல்லாம் திண்ணைக்கு வந்துவிடும். ரேஷன் கார்டு விசாரணைக்கு வந்தால் கூரையே இல்லை. இதில் எதையும் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். கேள்விக்குப் பதில் சொல்லாமல் கேட்டவருக்குப் பதில் சொல்வது நம் ஊர் நாகரிகம்.

2001 கணக்கெடுப்பில் வீட்டுப்பட்டியலோடு ரேடியோ, டிவி, தொலைபேசி, சைக்கிள், ஸ்கூட்டர், கார் என்று கேட்டார்கள். 2011இல் கம்ப்யூட்டரும் செல்போனும் சேர்ந்தன. அப்போதுதான் நாட்டில் நூற்றுக்கு 63 வீடுகளில் தொலைபேசி இருப்பதும், 47 வீடுகளில்தான் கழிப்பறை இருப்பதும் தெரிந்து பத்திரிகைகள் கூத்தாடின. கையில் நோக்கியாவோடு கருவேலங்காட்டுக்குப் போகிற இந்தியன் உலகப் புகழ் பெற்றான். தமிழ்நாட்டில் டிவி உள்ள வீடுகள் நூற்றுக்கு 87, நாட்டின் சராசரியோ 47. அயல் மாநில ஆய்வாளர் யாராவது இதைப் பார்த்து, தமிழர்கள் காட்சி ஊடகத்தின் மேல் தீராத நாட்டம் உடையவர்கள் என்று கட்டுரை எழுதியிருந்தால் பாவம். 2006 முதல் அரசு வீடுவீடாக இலவசக் கலர் டிவி கொடுத்தது அவருக்கு யார் சொல்வது?

இருக்கிறது என்பது வேறு, பயன்படுத்துகிறோம் என்பது வேறு. கணக்கெடுப்புக்காரர் வாசலில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

“ஆயா, வீட்ல டிவி இருக்கா?”

“இருக்குது தம்பி.”

“ஓடுதா?”

“அது எதுக்கு ஓடணும்? மேல சாமி படம் வச்சிருக்கேன்.”

படிவத்தில் ஒரு டிக். ஆயா காட்சி ஊடகப் பயனாளி ஆகிவிட்டார்.

இலவச லேப்டாப் கதை இன்னும் அருமை. 2011 கணக்கெடுப்பின் வீட்டுப்பட்டியல் தமிழ்நாட்டில் 2010ஆம் வருஷமே முடிந்துவிட்டது. லேப்டாப் திட்டம் வந்தது 2011 செப்டம்பரில். சரி, அடுத்த கணக்கெடுப்பில் பிடித்துவிடலாம் என்றால், 2021இல் நடக்க வேண்டியது கொரோனாவில் தள்ளி, தள்ளி, 2027 என்றானது. வீட்டுப்பட்டியலே 2026இல்தான். அந்த முதல் தவணை லேப்டாப்புகள் படித்து, படம் பார்த்து, பேட்டரி உப்பி, கீபோர்டில் எழுத்துக்கள் உதிர்ந்து, பரண் ஏறி, பழைய இரும்புக்காரரின் தராசையும் பார்த்துவிட்டன. பிறந்து, வாழ்ந்து, செத்துப்போன ஒரு முழுத் தலைமுறையை எந்தத் தலைக்கணக்கும் உயிரோடு பார்க்கவில்லை. யாராவது சிந்துவெளி மாதிரி தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

தேசிய மாதிரி ஆய்வுக்காரர்கள் இந்த ‘இருக்கிறது’ வியாதியைக் கண்டுகொண்டு, உங்களுக்கு என்ன செய்யத் தெரியும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். கம்ப்யூட்டர் கோப்பை நகலெடுத்து ஒட்டத் தெரியுமா, இணைப்போடு செய்தி அனுப்பத் தெரியுமா என்கிற ரகம். நல்ல முன்னேற்றம். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. காலை வணக்கம் பூப்படத்தை முப்பது குழுவுக்கு அனுப்பும் பெரியப்பாவிடம், “இணைப்புடன் கூடிய செய்தி அனுப்புவீர்களா?” என்று கேட்டால், “அதெல்லாம் தெரியாதுப்பா” என்பார். அனுப்பத் தெரியும். அதற்கு அதுதான் பெயர் என்று தெரியாது. இந்த மண்ணின் எழுத்தாளர் கண்மணி குணசேகரன் இந்த வட்டாரப் பேச்சுக்கு நடுநாட்டுச் சொல்லகராதி என்று ஓர் அகராதியே தொகுத்து வைத்திருக்கிறார். வினாத்தாள் தயாரிக்கிறவர்கள் அதைப் புரட்டியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. “அலைபேசி அருகில் இல்லாதபோது நான் பதற்றமாக உணர்கிறேன்” என்று ஒரு வாக்கியத்தைத் தமிழில் எழுதி நீட்டுவார்கள். விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் எவனும் பதற்றமாக உணர்வதில்லை. போன் இல்லன்னா கை ஒடிஞ்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

இப்படி வாக்கியத்தை நீட்டி ‘ஒத்துக்கொள்கிறீரா’ என்று கேட்கும் வழக்கத்துக்கு மூலபுருஷர் ரென்சிஸ் லைக்கர்ட் என்ற அமெரிக்கர். 1932இல் எழுதினார். முழுமையாக ஒத்துக்கொள்கிறேன் என்பதில் தொடங்கி முழுமையாக மறுக்கிறேன் என்பது வரை ஐந்து படி. மனித மனத்துக்குப் படிக்கட்டு கட்டிய மேஸ்திரி அவர். நம் பக்கத்திலும் ஐந்து படி உண்டு, கொஞ்சம் வேறு மாதிரி: சூப்பர், பரவால்ல, ஏதோ ஓடுது, என்னத்தச் சொல்ல, மோர் குடிக்கிறீங்களா. ஐந்தாவது படியில் நிற்பவரை எந்த மென்பொருளும் கண்டுபிடித்ததில்லை. போதாததற்கு, வீடு தேடி வந்த பிள்ளையின் முகம் வாடக்கூடாது என்று எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’ போடும் தாய்மார்கள். “கம்ப்யூட்டர் பயனுள்ளது, ஒத்துக்கிறீங்களா?” “ஆமாம்பா.” “கம்ப்யூட்டரால் பயனில்லை, ஒத்துக்கிறீங்களா?” “அதுவும் வாஸ்தவந்தான்.”

1989இல் பிரெட் டேவிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் வந்தார். தொழில்நுட்பத்தை ஜனங்கள் ஏன் ஏற்கிறார்கள் என்று அளக்க இரண்டே விஷயம் போதும் என்றார்: இது உபயோகம் என்று தோன்றுகிறதா, இது சுலபம் என்று தோன்றுகிறதா. ஒவ்வொன்றுக்கும் 14 வாக்கியம் எழுதினார். 15 பேரை உட்காரவைத்துப் பேசிப் பத்தாகக் குறைத்தார். டொரண்டோவில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் 112 பேரிடம் மின்னஞ்சலையும் கோப்புத் திருத்தியையும் பற்றிக் கேட்டு ஆறாகக் குறைத்தார். பிறகு பாஸ்டனில் மாலை நேர எம்பிஏ மாணவர்கள் 40 பேரிடம் சோதித்தார். உலகம் முழுக்க ஆராய்ச்சி மாணவர்கள் அந்தப் பன்னிரண்டு வாக்கியங்களைக் கோயில் பிரசாதம் மாதிரி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

மனுஷர் வேலை சுத்தமான வேலை, அதில் சந்தேகமில்லை. கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க கிரான்பாக் என்பவர் 1951இல் கொடுத்த ஆல்பா என்ற எண் ஒன்று உண்டு. ஒன்றை நெருங்க நெருங்க உசத்தி. டேவிஸின் உபயோகக் கேள்விகளுக்கு 0.98 வந்தது. வராமல் என்ன? வேலை சீக்கிரம் முடியுமா, வேலை நன்றாக நடக்குமா, வேலை அதிகம் நடக்குமா, வேலை சுலபமாகுமா என்று ஆறு தடவை. வீட்டுக்கு லேட்டாக வந்த மகனிடம் அம்மா, “சாப்டியா? சோறு தின்னியா? வயிறு ரொம்பிச்சா?” என்று கேட்டால் மூன்றுக்கும் ஆமாம்தான் வரும். ஆல்பா உச்சத்துக்குப் போகும். தின்றது என்னவோ ஜங்ஷன் பக்கத்துப் புரோட்டா.

நான் சிரிப்பது வேறு இடத்தில். இந்த வாக்கியங்கள் உண்மையைத்தான் அளக்கின்றனவா என்று உரைத்துப் பார்க்க டேவிஸ் எடுத்த மச்சம் எது தெரியுமா? எவ்வளவு பயன்படுத்துகிறீர்கள் என்று அவர்களிடமே கேட்டார். மாணவர்களிடம், இனிமேல் எவ்வளவு பயன்படுத்துவீர்கள் என்று. பதிலைப் பதிலோடு உரைத்துப் பார்த்தால் மாற்று ஒத்துத்தான் வரும். சுந்தரர் மட்டும் இதைக் கேள்விப்பட்டிருந்தால், மச்சத்தையும் சேர்த்து ஆற்றில் போட்டுவிட்டு எதைக் கொண்டய்யா உரைத்தீர் என்று ஒரு பதிகமே பாடியிருப்பார்.

நினைவை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பெரிய கூத்து நடந்திருக்கிறது. புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் 1950இல் தொடங்கி வைத்த தேசிய மாதிரி ஆய்வில், சாப்பாட்டுச் செலவைப் போன 30 நாள் கணக்காகக் கேட்பது வழக்கம். 7 நாள் என்று கேட்டால் நன்றாக ஞாபகம் இருக்குமே என்று சிலர் சொல்ல, தனித்தனி வீடுகளில் இரண்டு விதமாகவும் கேட்டுப் பார்த்தார்கள். 7 நாள் கணக்கில் ஜனங்கள் அதிகம் சாப்பிட்டிருந்தார்கள். எது சரி என்று அடிதடி. 1999-2000 சுற்றில் ஒரு சமரசம்: ஒரே படிவத்தில், பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில், இரண்டையும் கேளுங்கள். இரண்டு சம்பந்திகளை ஒரே பெஞ்சில் உட்காரவைத்த மாதிரி. ஒன்றைப் பார்த்து ஒன்று திருத்திக்கொண்டு இரண்டு கணக்கும் ராசியாகிவிட்டன. நாட்டில் வறுமை எவ்வளவு குறைந்தது என்பதே அதோடு குழம்பி, பொருளாதார நிபுணர்கள் வருஷக்கணக்கில் சண்டை போட்டார்கள். மகலனோபிஸ் ஆதியிலேயே மருந்து சொல்லியிருந்தார். ஒரே வேலைக்கு இரண்டு தனித்தனி மாதிரி, இரண்டு தனித்தனிக் குழு. ஒருவர் நோட்டு மற்றவர் கண்ணில் படக்கூடாது. பிறகு ஒப்பிட்டுப் பார். வங்காளத்துச் சணல் வயல்களில் கற்றுக்கொண்ட எச்சரிக்கை அது.

அரிசி வாங்கியதே ஞாபகம் இல்லை என்றால் போனைப் பார்த்தது எப்படி இருக்கும்? 2021இல் தென்னாப்பிரிக்காவின் டக்ளஸ் பேரியும் கூட்டாளிகளும், ஜனங்கள் ஞாபகத்திலிருந்து சொன்ன கணக்கையும் கருவியே எழுதி வைத்த கணக்கையும் ஒப்பிட்ட ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தார்கள். சொந்தம் உண்டு, ஆனால் தூரத்துச் சொந்தம். துல்லியமாகச் சொன்னவர்கள் அபூர்வம். குறைத்துச் சொன்னவர்கள் மட்டுமல்ல, கூட்டிச் சொன்னவர்களும் இருந்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்தது. செய்யாத பாவத்தையும் சேர்த்து ஒப்புக்கொள்ளும் அப்பாவிகள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள் போல.

பேஸ்புக் கணக்கு ஒன்று பாக்கி. கலிபோர்னியாவில் லாரி ரோசனும் கூட்டாளிகளும் 2013இல் 60 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். மின்னஞ்சல், குறுஞ்செய்தி, டிவி, விளையாட்டு என்று பிரித்துப் பிரித்து, கூட்டிக் கழித்து, புள்ளியியல் தீயில் சுட்டெடுத்த நல்ல பாண்டம். அதில் பேஸ்புக்குக்கு என்றே தனிப் பகுதி. அங்கே எத்தனை நண்பர்கள் என்றும் ஒரு பகுதி. இன்றைக்கு அதைக் கொண்டுபோய் ஒரு பாலிடெக்னிக் மாணவியிடம் நீட்டினால், “பேஸ்புக்கா? அங்க எங்க சித்தப்பாதான் இருக்காரு” என்பாள். வெட்ஜ்வுட்டின் களிமண் தீர்ந்துவிட்டது.

இத்தனை பேரும் இத்தனை நூற்றாண்டு அலைந்து தேடிய சரியான படிவம் விருத்தாசலத்துக்குப் பக்கத்திலேயே மணவாளநல்லூரில் ஓசையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. கொளஞ்சியப்பர் கோயில். நீதி கிடைக்காதவர்கள் அங்கே பிராது கட்டுவார்கள். பேர், ஊர், விலாசம், நடந்தது என்ன என்று காகிதத்தில் எழுதி, அர்ச்சனை செய்து, முனியப்பர் சந்நிதியில் வேலில் கட்டிவிட்டு வருவார்கள். ஊருக்கும் கோயிலுக்கும் எத்தனை தூரமோ அதற்குத் தக்கபடி படிப்பணம், ஏனென்றால் விசாரிக்க முனியப்பர் அவ்வளவு தூரம் போய்வர வேண்டும். காரியம் முடிந்தால் மறுபடி வந்து ராஜினாமா எழுதிக் கொடுத்துப் பிராதை வாபஸ் வாங்க வேண்டும்.

களப்பணியாளருக்குக் கிலோமீட்டர் கணக்கில் படி, அதுவும் முன்பணமாக! எந்தத் துறையில் இருக்கிறது இது? அதே ஆளைத் திரும்ப வரவைத்து, நிலைமை மாறியதா என்று எழுதி வாங்கும் இரண்டாம் சுற்று. ஒன்று முதல் ஐந்து வரை வட்டமிடச் சொல்லும் வேலை இல்லை. முக்கியமாக, கேட்பவர் முனியப்பர். வாசலுக்கு வந்த கணக்கெடுப்பாளரிடம் “வீட்ல ஒண்ணும் இல்லீங்க” என்று சொன்ன அதே ஆள், செல்போன் திருட்டுப் போய்விட்டது என்று இங்கே பிராது எழுத உட்கார்ந்தால் எப்படி எழுதுவார்? கம்பெனிப் பேர், கலர், எத்தனை ஜிபி, இரண்டு சிம், மூலையில் விரிசல், வாங்கி எட்டு மாசம், மூன்று தவணை பாக்கி, ராத்திரி பதினொன்றரை வரை படம் பார்த்துவிட்டுத் தலைமாட்டில் வைத்தது, விடியலில் காணோம். சாமிக்குத் தெரியாததா, இருந்தாலும் ஒன்று விடாமல் எழுதுவார். தப்பாக எழுதினால் முனியப்பர் வேறு வீட்டுக்குப் போய்விடுவாரே.

ஜில்லாவின் தொழில்நுட்பப் பயன்பாட்டைப் பற்றி மாற்றுக் குறையாத தகவல் எங்கேயாவது இருந்தால் அது அந்த வேலில்தான் கட்டித் தொங்கிக்கொண்டிருக்கும். ஆனால் அதை அவிழ்த்துப் படிக்கும் தைரியம் எந்த ஆராய்ச்சி மாணவருக்கும் கிடையாது.